டோபமைன் பீக் வரவில்லையா? கோளாறை அறிகுறியிலிருந்து பிடிக்கும் வழி

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. எலி கூண்டின் மூலையில் சுருண்டு படுத்திருக்கிறது. பம்ப் நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர் தள்ளிக்கொண்டிருக்கிறது. திரையில், மூளையின் செய்தி வேதிப்பொருளான டோபமைன் பீக்காக, ஒரு முனை மாதிரி, எழும்ப வேண்டிய இடத்தில் கோடு அப்படியே படுத்துக் கிடக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்து வரும் மாணவி என் முகத்தைப் பார்த்து, “அக்கா, மருந்து வேலை செய்யலியா?” என்கிறாள்.

பினாங்கில், போதைப்பொருள்கள் எலியின் மூளையில் டோபமைனை என்ன செய்கின்றன என்று அளக்கும் வேலையில் இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. “மருந்தைக் கடைசியாகக் கேட்போம்மா” என்பதுதான் எப்போதும் என் பதில். முதலில் மின்முனை, அடுத்து பிரிப்புக் குழாய், அடுத்து புரோப், அதற்கப்புறம் எலி. இந்த நாலும் சரி என்று தெரிந்த பிறகே மருந்தைப் பற்றி வாய் திறக்க வேண்டும். சியாபு என்னும் மெத்தம்ஃபெட்டமின் போதைப்பொருள் இந்த நாட்டில் எத்தனை வீடுகளின் நிம்மதியைக் கெடுத்திருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது மூளையில் என்ன செய்கிறது என்று நாம் எழுதும் எண்ணை யாரோ ஒரு மருத்துவர் நம்பப்போகிறார். அழுக்குப் பிடித்த மின்முனை கொடுத்த எண்ணாக அது இருக்கவே கூடாது.

புதிதாக வருபவர்களுக்காக மைக்ரோடயாலிசிஸ் என்ற இந்த முறையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். நுனியில் 2 மில்லிமீட்டர் சவ்வு உள்ள மெல்லிய புரோப்பை எலியின் மூளையில், பெரும்பாலும் நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் என்ற பகுதியில், இறக்குகிறோம். உள்ளே செயற்கை மூளைத் திரவம் ஓடுகிறது. வெளியே இருக்கும் டோபமைனில் ஒரு பகுதி சவ்வைக் கடந்து உள்ளே வருகிறது. அந்தத் துளிகளைச் சேர்த்து, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் செலுத்துகிறோம். பிரிப்புக் குழாய் ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே விடுகிறது. கார்பன் மின்முனை அதை ஆக்சிஜனேற்றம் செய்து மின்னோட்டமாகக் காட்டுகிறது. சுவீடனின் உங்கர்ஸ்டெட் 1974-லேயே இந்த வழியில் ஆம்ஃபெட்டமினின் விளைவைக் காட்டிவிட்டார். கூண்டுக்குள் நடமாடும் எலிகளில் போதைப்பொருள்கள் பலவும் அக்கம்பன்ஸில் டோபமைனை உயர்த்துகின்றன என்று இத்தாலியில் டி கியாராவும் இம்பெராட்டோவும் 1988-ல் வெளியிட்டார்கள்.

நாம் பிடிக்கப் பார்க்கும் அளவு எவ்வளவு சின்னது என்பதையும் மனதில் வையுங்கள். அடிமட்ட நிலையில், அதாவது மருந்து கொடுப்பதற்கு முன், வெளிவரும் திரவத்தில் டோபமைன் சில நானோமோலார்தான். 5 நானோமோலார் என்றே வைத்துக்கொண்டாலும் 20 மைக்ரோலிட்டர் மாதிரியில் இருப்பது 100 ஃபெம்டோமோல். அதன் சிதைபொருளான டோபாக் அதே துளியில் நூறு மடங்குக்கும் மேல் இருக்கும். யானை பக்கத்தில் நிற்கும்போது எறும்பைத் தேடுகிறோம்.

எதையும் தொடுவதற்கு முன்

கோளாறை இரண்டாகப் பிளந்து பாருங்கள். கையில் தயாராக இருக்கும் டோபமைன் ஸ்டாண்டர்டை, அதாவது செறிவு தெரிந்த கரைசலை, நேராகக் கருவியில் செலுத்துங்கள். ஸ்டாண்டர்ட் சரியாக வந்தால் கருவி நலம். கோளாறு எலிக்கும் சேகரிப்புக் குழாய்க்கும் நடுவில் இருக்கிறது. ஸ்டாண்டர்டே வரவில்லை என்றால் எலியைத் தொந்தரவு செய்யாதீர்கள். கோளாறு மேசை மேல்தான் இருக்கிறது. இந்த ஒரே சோதனைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் புரோப்பைக் கழற்றி மாட்டியவர்கள் ஒரு நாளையும் ஓர் எலியையும் இழந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். மின்முனையைத் தேய்த்து, பிரிப்புக் குழாய் வழியே ஓடும் ஓடுகரைசலையும் மாற்றி, வோல்டையும் கூட்டிய பிறகு பீக் திரும்பி வந்தால் எது சரியானது என்று யாருக்குத் தெரியும்? அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அறிகுறி: ஸ்டாண்டர்டே வரவில்லை, அல்லது நாளுக்கு நாள் குறுகுகிறது

மின்முனை இருக்கும் டிடெக்டர் செல் இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரவில் அணைத்துவிட்டுப் போனவர் காலையில் போட மறந்திருப்பார். கண்ணாடிக் கார்பன் மின்முனைக்கு வெள்ளி-வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு முனையை வைத்து 0.65 முதல் 0.70 வோல்ட் வரை வழக்கமாகக் கொடுப்போம். ஒப்பீட்டு முனைக்குள் குமிழி நின்றுவிட்டால் திரை 0.65 என்று காட்டினாலும் மின்முனை உணர்வது வேறு.

அடுத்த சந்தேகம் ஸ்டாண்டர்ட் மேல். டோபமைன் நடுநிலைக் கரைசலில் நீடிக்காது. காற்றும் வெளிச்சமும் பட்டால் ஆக்சிஜனேற்றம் ஆகி நிறம் மாறத் தொடங்கும். 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில் வையுங்கள், பழுப்பு நிறக் குப்பியில் ஊற்றுங்கள், ஐஸில் நிறுத்துங்கள். நீர்த்த ஸ்டாண்டர்டை அன்றன்றைக்குக் கலக்குங்கள். நம் ஊர் வெக்கையில் மேசை மேல் மதியம் வரை கிடந்த ஸ்டாண்டர்டை நம்பிச் செய்த கணக்கு எதுவும் நிற்காது. ஸ்டாண்டர்ட் தேய்ந்தால் எலியின் டோபமைன் கூடியது போலத் தோன்றும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. காலையில் ஒருமுறை, மருந்து கொடுப்பதற்கு முன் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை என்று ஸ்டாண்டர்டைச் செலுத்துங்கள்.

எடை போடும்போதும் ஒரு பொறி இருக்கிறது. குப்பியில் உள்ளது வெறும் டோபமைன் இல்லை, டோபமைன் ஹைட்ரோகுளோரைடு. அதன் மூலக்கூறு எடை 189.6, டோபமைனுடையது 153.2. உப்பை 153 மில்லிகிராம் நிறுத்து ஒரு லிட்டரில் கரைத்துவிட்டு அதை 1 மில்லிமோலார் என்று எழுதினால், உண்மையில் அது 0.81 மில்லிமோலார்தான். உங்கள் எலிகள் எல்லாவற்றிலும் டோபமைன் கால்பங்கு கூடுதலாகத் தெரியும், எந்த வரைபடமும் அதைக் காட்டிக்கொடுக்காது.

இரண்டும் சரி என்றால் மின்முனையின் முகத்தைப் பாருங்கள். செல்லைத் திறந்து, கார்பன் வட்டத்தை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடியுங்கள். நல்ல மின்முனை கறுப்புக் கண்ணாடி மாதிரி உங்கள் விரலின் நிழலைத் திருப்பிக் காட்டும். அழுக்கானதில் எண்ணெய் படிந்தது போல மங்கல் வட்டம் தெரியும். அலுமினாக் குழம்பை ஈரத்துணித் தட்டில் இரண்டு சொட்டு விட்டு, மின்முனையை அழுத்தாமல், எட்டுப் போட்டு எழுதுவது போல ஒரு நிமிடம் தேயுங்கள். பிறகு தூய நீர், மெத்தனால், மறுபடி தூய நீர். வெள்ளைப் பொடி ஒரு துளிகூட விளிம்பில் நிற்கக் கூடாது. தேய்த்தவுடன் பின்னணி மின்னோட்டம் எகிறித்தான் இருக்கும். இறங்கி அடங்க மணிக்கணக்காகும். அதனால் இதை முதல் நாள் மாலையே செய்துவிட்டு இரவெல்லாம் ஓட விடுங்கள். எலி காத்திருக்கும் காலையில் செய்யக் கூடிய வேலை இல்லை இது.

அறிகுறி: பீக் வருகிறது, ஆனால் நேரம் தவறி வருகிறது

இது எங்கள் ஊரின் சொந்த நோய். வெப்பம் கூடினால் பொருள்கள் பிரிப்புக் குழாயில் தங்கும் நேரம் குறையும். எல்லாப் பீக்கும் முன்னால் வரும், பின்னணி மின்னோட்டமும் ஏறும். முன்பு நான் இருந்த கட்டடத்தில் சனிக்கிழமை மதியம் ஏர்கோனை மையத்திலிருந்தே நிறுத்திவிடுவார்கள். ஒரு மணிக்கு அறை குளிர்ச்சியாக இருக்கும், நாலு மணிக்குச் சட்டை முதுகில் ஒட்டும். டோபமைன் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து டோபாக்கின் வாலில் ஏறிக்கொண்டது. மென்பொருள் பழைய நேரத்து ஜன்னலிலேயே தேடியதால் டோபமைன் குறைந்துவிட்டது என்று கணக்குக் கொடுத்தது. மருந்து கொடுத்த நேரமும் அதுவேதான். அந்த மருந்து டோபமைனைக் குறைக்கிறது என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு வாரம் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

பிரிப்புக் குழாய்க்கு வெப்பப் பெட்டி இருந்தால் அறையின் உச்ச வெப்பத்தைவிடச் சில டிகிரி மேலே வையுங்கள். அதற்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும் என்றால் அறைக்குக் கீழே வைத்து ஒரு பயனும் இல்லை. பெட்டி இல்லையா, நுரைக் குழாய் வாங்கிச் சுற்றுங்கள். ஏர்கோன் காற்று நேராகப் படாத மூலைக்குக் கருவியை நகர்த்துங்கள்.

நகர்வின் சாயலைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். இதை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பீக்கும் சேர்ந்து முன்னால் வந்தால் வெப்பம் கூடியிருக்கிறது, இல்லாவிட்டால் ஓடுகரைசலில் மெத்தனால் அதிகமாகிவிட்டது. எல்லாம் சேர்ந்து பின்னால் போனால் மெத்தனால் ஆவியாகியிருக்கிறது. ஓடுகரைசலைச் சுழற்றிப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது நிச்சயம் நேரும், குப்பியின் வாயை மூடி வையுங்கள். டோபமைன் மட்டும் நகர்ந்து டோபாக் நின்ற இடத்திலேயே நின்றால் ஓடுகரைசலில் கலக்கும் ஆக்டேன் சல்ஃபோனேட் உப்பின் அளவு மாறியிருக்கிறது. அந்த உப்பு கூடினால் டோபமைன் தாமதமாகும், குறைந்தால் முந்தும். டோபாக், இன்னொரு சிதைபொருளான எச்விஏ போன்ற அமிலங்கள் மட்டும் நகர்ந்தால் பிஎச்: பிஎச் இறங்கினால் அவை பின்னால் போகும், ஏறினால் முன்னால் வரும். டோபாக்கும் டோபமைனும் ஒட்டிக்கொண்டால் ஆக்டேன் சல்ஃபோனேட், பிஎச் என்ற இந்த இரண்டு திருகுகளில் ஒன்றைத் திருப்பித்தான் பிரிக்க வேண்டும். ஓட்ட வேகத்தைக் குறைத்துப் பயனில்லை.

அறிகுறி: அடிக்கோடு நடுங்குகிறது

சீராக, ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினால் பம்ப். குமிழி புகுந்திருக்கும், அல்லது பம்ப்பின் அடைப்பு வளையம் தேய்ந்திருக்கும். ஓடுகரைசலை வாயு நீக்கம் செய்து பாருங்கள்.

எப்போதாவது ஒரு முள் மட்டும் குத்தினால் மின்சாரம். பக்கத்துக் குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரெசர் எப்போது கிளம்புகிறது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து நேரத்தைக் குறித்துப் பாருங்கள், முள்ளோடு பொருந்தும். செல்லைச் சுற்றியுள்ள உலோகக் கூட்டைச் சரியாக மூடி, எல்லாக் கருவியையும் ஒரே இடத்தில் பூமி இணைப்புச் செய்யுங்கள். மாலையில் இடி இறங்கும் மாதங்களில் யுபிஎஸ் இல்லாமல் எலிப் பரிசோதனை தொடங்காதீர்கள். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் மின்முனை பழைய நிலைக்குத் திரும்ப நேரம் பிடிக்கும், அந்த நேரம் எலிக்குத் தெரியாது.

அலை மாதிரி மெதுவாக ஏறினால் பெரும்பாலும் அழுக்கு. பாஸ்பேட் கரைசலில் நுண்ணுயிர் வளரும். இந்த ஈரத்தில் ஒரு வாரமே போதும். 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, இடிடிஏ சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். உலோக அயனிகளை அது பிடித்து வைக்கும், பின்னணியும் இறங்கும்.

அறிகுறி: டோபமைன் இடத்தில் ஏதோ வருகிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை

ஒப்பாத மனசை நம்புங்கள். மாதிரியில் சிறிது ஸ்டாண்டர்ட் கலந்து செலுத்துங்கள். அதே பீக் தோள் இல்லாமல் வளர்ந்தால் நல்லது. பக்கத்தில் இன்னொரு முனை முளைத்தால் அது வேறு பொருள். அடுத்து வோல்டைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். டோபமைனும் டோபாக்கும் குறைந்த வோல்டிலும் தாக்குப் பிடிக்கும். எச்விஏ சீக்கிரம் விழுந்துவிடும். ஸ்டாண்டர்டும் உங்கள் மர்மப் பீக்கும் ஒவ்வொரு வோல்டிலும் ஒரே விகிதத்தில் சுருங்கினால் அது டோபமைன் என்பதற்கு வலுவான சான்று. நேரம் ஒத்துப்போகிறது என்பது மட்டும் போதாது.

எலிக்குக் கொடுத்த மருந்தோ, அதைக் கரைத்த பொருளோ, அதன் சிதைபொருளோ தானே ஆக்சிஜனேற்றம் ஆகக்கூடியதா என்றும் கேளுங்கள். மருந்தை மட்டும் தனியாகச் செலுத்திப் பார்க்கும் வழக்கத்தை எங்கள் அறையில் விதியாகவே வைத்திருக்கிறோம்.

அறிகுறி: ஸ்டாண்டர்ட் நன்றாக வருகிறது, எலி மாதிரியில் ஒன்றும் இல்லை

சேகரித்த அளவை எடை போடுங்கள். நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர், 10 நிமிடம் என்றால் 20 மைக்ரோலிட்டர், அதாவது சுமார் 20 மில்லிகிராம் வர வேண்டும். சிறு குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அடியில் பிறை மாதிரித் திரவம் தெரியும். அந்தப் பிறை ஒன்றுக்கொன்று பெரிதும் சிறிதுமாக இருந்தால் எங்கோ கசிகிறது. சுழல் மூட்டு, இணைப்புக் குழல்கள், சவ்வு என்ற வரிசையில் தேடுங்கள். சவ்வுக்குள் குமிழி நின்றால் திரவம் முழு அளவு வரும், டோபமைன் மட்டும் வராது. புரோப்பைப் போடும் முன்னரே திரவத்தை வாயு நீக்கம் செய்வது அதற்காகத்தான்.

புரோப்பை எலிக்குள் இறக்கும் முன் பீக்கரில் உள்ள ஸ்டாண்டர்டில் நிறுத்தி மீட்பு விகிதம், அதாவது வெளியே உள்ள செறிவில் எத்தனை சதவீதம் புரோப் வழியாக வருகிறது என்று, பாருங்கள். 2 மில்லிமீட்டர் சவ்வுக்கு இந்த வேகத்தில் பத்து முதல் இருபது சதவீதம் சாதாரணம். வேகத்தைக் குறைத்தால் விகிதம் ஏறும். ஆனால் பீக்கரில் பார்த்த விகிதத்தால் எலியின் எண்ணை வகுத்து, “மூளையில் உள்ள உண்மையான அளவு” என்று எழுதிவிடாதீர்கள். மூளைத் திசுவில் பொருள் பரவும் விதம் வேறு, நரம்பு முனைகள் டோபமைனை உறிஞ்சிக்கொள்ளும் வேகமும் கணக்கில் சேரும். உண்மை அளவு வேண்டுமென்றால் புரோப்புக்குள் வெவ்வேறு செறிவில் டோபமைனைக் கொடுத்து, எந்தச் செறிவில் உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாகிறது என்று பார்க்கும் முறை இருக்கிறது. உழைப்பு அதிகம், கொக்கெய்ன் மாதிரி உறிஞ்சுதலைத் தடுக்கும் மருந்துகளுக்கு அந்த உழைப்பு தகும், ஏனென்றால் அவை புரோப்பின் மீட்பு விகிதத்தையே மாற்றிவிடுகின்றன.

அறிகுறி: அடிமட்டம் இறங்கிக்கொண்டே போகிறது

புரோப் இறக்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இது இயல்பு. அடிபட்ட திசு டோபமைனைக் கொட்டுகிறது. அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. முதல் நாள் மாலை இறக்கி மறுநாள் காலை அளப்பதே எங்கள் வழக்கம். அடுத்தடுத்த மூன்று மாதிரிகள் பத்து சதவீதத்துக்குள் நிற்காத வரை மருந்து ஊசியை எடுப்பதில்லை. அதே புரோப்பைப் பல நாள் பயன்படுத்தினால் சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து அளவு தேயும்; அந்தத் தேய்மானத்தை மருந்தின் நீண்டகால விளைவு என்று படித்துவிடும் ஆபத்து உண்டு.

அறிகுறி: வெறும் உப்புநீருக்கே டோபமைன் ஏறுகிறது

எலி நம்மைக் கவனிக்கிறது. தூக்கினால், புது மணம் வந்தால், கதவு தட்டினால் அதன் டோபமைன் ஏறும். ஒரு முறை ஒரே நேரத்தில் மூன்று எலிகளுக்கும் சின்ன உயர்வு தெரிந்தது. மூன்றுக்கும் மருந்து இன்னும் கொடுக்கவில்லை. நோட்டைப் புரட்டினால் பதினொன்றரை மணி: துப்புரவு செய்ய வரும் அக்கா வாளியோடு நுழையும் நேரம். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை; அவரிடம் சொல்லாதது எங்கள் குற்றம். இப்போது கதவில் அறிவிப்பு தொங்குகிறது, அவரும் முதலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதே ஆள், அதே கையுறை, அதே நேரத்தில் எலியைத் தூக்கிப் பழக்குங்கள். உப்புநீர் ஊசியும் சில நாள் போடுங்கள். எலிக்கு இரவுதான் பகல். விளக்கு நேரத்தைத் திருப்பி வைத்திருக்கிறீர்களா, இல்லையா என்பதை எழுதி வையுங்கள். மயக்க மருந்து கொடுத்து அளக்கிறீர்கள் என்றால் அந்த மருந்தே டோபமைனைத் தொடும் என்பதையும் மறக்கக் கூடாது.

அறிகுறி: மருந்து கொடுத்தும் ஏறவில்லை, அல்லது தாமதமாக ஏறுகிறது

தாமதம் என்றால் முதலில் குழலின் நீளத்தைக் கணக்கிடுங்கள். உள்விட்டம் 0.12 மில்லிமீட்டர் உள்ள குழல் ஒரு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரோலிட்டர் பிடிக்கும். நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர் ஓடினால் மூளையில் நடந்தது ஆறு நிமிடம் கழித்துத்தான் உங்கள் குழாய்க்கு வரும். 1 மைக்ரோலிட்டர் என்றால் பன்னிரண்டு நிமிடம். மாதிரி நேரங்களை அந்த அளவு பின்தள்ளி எழுதுங்கள்.

ஏறவே இல்லை என்றால் ஊசியைக் கேளுங்கள். வயிற்றறையில் போட்ட ஊசி குடலுக்குள் போயிருக்கலாம். எலியின் நடத்தையைப் பாருங்கள்: ஆம்ஃபெட்டமின் உடம்பில் ஏறியிருந்தால் அது மோந்துகொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு கூண்டைச் சுற்றும். அமைதியாகப் படுத்திருந்தால் மருந்து போய்ச் சேரவில்லை.

மருந்தின் எடையையும் கேளுங்கள். கொக்கெய்ன் ஹைட்ரோகுளோரைடு 10 மில்லிகிராமில் கொக்கெய்ன் 8.9 மில்லிகிராம்தான். ஆம்ஃபெட்டமின் சல்ஃபேட்டில் வித்தியாசம் இன்னும் அதிகம். 1 மில்லிகிராம் உப்பில் ஆம்ஃபெட்டமின் சுமார் 0.73 மில்லிகிராம். வலக்கை வடிவமா, இரண்டும் கலந்ததா என்பதும் முக்கியம். வலக்கை வடிவத்தின் வேகம் வேறு. “கிலோவுக்கு 2 மில்லிகிராம்” என்று மட்டும் எழுதியிருக்கும் நோட்டு எனக்கு அரை நோட்டு. உப்பா, காரமா, எந்த வடிவம், எந்தப் பொட்டலம் என்று எல்லாம் இருக்க வேண்டும். இவை 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் பொருள்கள். பூட்டிய அலமாரியின் பதிவேட்டில் எப்படியும் மில்லிகிராம் கணக்கு எழுதித்தான் ஆக வேண்டும். அதே வரியில் இதையும் சேர்த்துவிட்டால் போயிற்று.

எந்தப் பகுதியில் அளக்கிறோம் என்பதும் பதிலை மாற்றும். அக்கம்பன்ஸில் டோபமைனைத் திரும்ப உறிஞ்சுவது நரம்பு முனையிலுள்ள டோபமைன் கடத்தி என்ற புரதம். முன்மூளைப் புறணியில் அந்தக் கடத்தி குறைவு. அங்கே நோரெபினெஃப்ரின் கடத்திதான் டோபமைனையும் அள்ளுகிறது. அதனால்தான் நோரெபினெஃப்ரின் கடத்தியை அடைக்கும் அட்டோமாக்செட்டின் மருந்து புறணியில் டோபமைனை உயர்த்தியும் அக்கம்பன்ஸில் அசைப்பதில்லை. இது கோளாறு இல்லை, மூளையின் அமைப்பு.

அறிகுறி: எண்ணூறு சதவீதம் ஏறிவிட்டது

சந்தோஷப்படும் முன் அடிமட்டத்தைப் பாருங்கள். ஓர் எலியில் அடிமட்டம் 1 நானோமோலார், மருந்துக்குப் பிறகு 4. அடிமட்டத்தை 100 என்று வைத்தால் அது 400 சதவீதம். இன்னோர் எலியில் 4-லிருந்து 8. அது 200 சதவீதம்தான். ஆனால் கூடிய டோபமைன் முதல் எலியில் 3, இரண்டாவதில் 4. எந்த எலியில் மருந்து வலுவாக வேலை செய்தது? சதவீதத்தை மட்டும் அச்சிட்டால் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். அடிமட்டத்தின் நேரடி அளவையும் சேர்த்தே கொடுங்கள். அடிமட்டம் கருவியின் எல்லைக்குக் கீழே ஊசலாடுகிறது என்றால் சதவீதமே போடாதீர்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாக வருகிறது

இதையும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வரும் டோபமைன் நரம்பு சுரந்ததா, காயப்பட்ட திசுவிலிருந்து கசிந்ததா என்று இன்னும் தெரியாது. புரோப் வழியாக 1 மைக்ரோமோலார் டெட்ரோடோடாக்சின் கொடுத்தால் நரம்பின் மின்துடிப்பு நின்றுவிடும். அடிமட்ட டோபமைனின் பெரும்பகுதி விழ வேண்டும். இது இங்கே ஈக்கான் புந்தால் என்று சொல்லும் பேத்தை மீனின் நஞ்சு. கையுறை இல்லாமல் குப்பியைத் தொடாதீர்கள், தனியாக இருக்கும் நேரத்தில் கலக்காதீர்கள். கால்சியம் நீக்கிய திரவம் ஓட்டினாலும் அளவு விழ வேண்டும். விழவில்லையா, அந்த எலியின் எண்கள் நரம்பைப் பற்றியவை இல்லை.

ஊக்க மருந்துகளில் இந்தச் சோதனை இன்னொரு கதவையும் திறக்கிறது. கொக்கெய்ன், நரம்பு சுரந்த டோபமைன் திரும்பிப் போகும் வழியை அடைக்கிறது; நரம்பின் துடிப்பை நிறுத்தினால் அதன் விளைவும் அடங்கிவிடும். ஆம்ஃபெட்டமின் கடத்தியையே பின்னோக்கித் திருப்பி, உள்ளே இருக்கும் டோபமைனை வெளியே தள்ளுகிறது. டெட்ரோடோடாக்சின் கொடுத்தாலும் அந்த உயர்வு நிற்காது. ஆகவே ஆம்ஃபெட்டமின் கொடுத்த பிறகு இந்தச் சோதனையைச் செய்துவிட்டு “நஞ்சு பழையது” என்று தூக்கிப் போடாதீர்கள். அடிமட்டத்தில் செய்யுங்கள்.

திரவத்தின் கால்சியத்தையும் ஒருமுறை பாருங்கள். மூளைத் திரவத்தில் அது சுமார் 1.2 மில்லிமோலார். பழைய செய்முறைகள் சிலவற்றில் 3.4 இருக்கும், அப்படிச் செய்தால் நரம்பு கூடுதலாகச் சுரக்கும், மருந்துக்கான பதிலும் மாறும். வேறொரு குழுவின் எண்ணோடு உங்கள் எண் ஒத்துவராதபோது நான் முதலில் தேடும் வரி இதுதான்.

மனிதரில் பெட் ஸ்கேன் செய்தால்

எலியை விட்டு மனிதருக்குப் போகும் மாணவர்கள் ஓர் இடத்தில் தவறாமல் தடுக்கி விழுகிறார்கள். பெட் ஸ்கேனுக்காகக் கொடுக்கும், கதிரியக்கக் கார்பன்-11 சேர்த்த ராக்ளோப்ரைடு என்ற பொருள் டோபமைனை அளப்பதில்லை. டோபமைன் உட்காரும் டி2 வகை ஏற்பிகளில் அது உட்காருகிறது. மருந்து டோபமைனை உயர்த்தினால் ராக்ளோப்ரைடுக்கு இடம் குறையும், படத்தில் ஒளி மங்கும். மங்கல்தான் உயர்வு. ஆம்ஃபெட்டமினுக்குப் பிறகு அந்த மங்கல் பத்து முதல் இருபது சதவீதம் அளவிலேயே இருக்கும், எலியில் பார்த்த பல நூறு சதவீதத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள். கார்பன்-11-இன் அரை ஆயுள் 20 நிமிடம்தான். ஆள் தலையைச் சற்று அசைத்தாலும் இவ்வளவு சின்ன மாற்றம் அதில் கரைந்துவிடும். எனவே மாற்றம் தெரியவில்லை என்றால் முதலில் தலை அசைவைத் திருத்துங்கள். அடுத்து ஒப்பீட்டுப் பகுதியான சிறுமூளையின் எல்லையைச் சரிபாருங்கள்.

அறிகுறி: ஓர் எலி மட்டும் கூட்டத்தோடு சேரவில்லை

புரோப் வேறு இடத்தில் நிற்கலாம். இதை எண்ணைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மூளையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பரிசோதனை முடிந்த பிறகு உறைநிலையில் 40 மைக்ரோமீட்டர் துண்டுகளாகச் சீவி, கிரெசில் வயலட்டில் தோய்த்து, புரோப் போன தடத்தைத் தேடுங்கள். ஊதா நிறத் திசுவில் மெல்லிய கோடு செங்குத்தாக இறங்கி, முனையில் சற்று அகன்று நிற்கும். அந்த அகலம் அக்கம்பன்ஸுக்குள் இருக்கிறதா என்று, எந்த எலிக்கு என்ன எண் வந்தது என்பதை அறியாத ஒருவர் சொல்ல வேண்டும்.

பட்டர்வொர்த் மாணவியின் எட்டு எலிகளுக்கும் நான்தான் அப்படிப் பார்த்தேன். சனிக்கிழமை அவளைக் கலங்க வைத்த தட்டைக் கோட்டுக்குக் காரணம் அன்றே தெரிந்துவிட்டது: டிடெக்டர் செல் அணைந்திருந்தது. ஆனால் துண்டுகளைச் சீவியபோது இரண்டு எலிகளில் தடம் அக்கம்பன்ஸைத் தாண்டிப் பக்கவாட்டில் இறங்கியிருந்தது. அதில் ஒன்றுதான் அவளுடைய மிக அழகான வரைபடம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “அக்கா, இது இல்லாட்டி எனக்கு ஆறுதான் இருக்கு” என்றாள். “ஆறுன்னே எழுதும்மா” என்றேன். ஆறைக் கொண்டு படம் வரைந்தாள்; விலக்கிய இரண்டையும், புரோப் எங்கே இறங்கியிருந்தது என்ற காரணத்தோடு, படத்துக்குக் கீழே குறித்தாள்.